காடி அடைத்திருக்கும் மாதத்தில் உன் கல்யாணம்

என் மகனே,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த வயதில் அவருக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நெல்லைக் காயப் போடுவதற்கு முன் அவர் முழங்காலை விசாரித்துவிட்டுப் போகிறார்கள். உன் கடிதம் போன கப்பலில் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்று படித்தபோது சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அதற்கும் அடுத்த பக்கத்தில் கொஞ்சம் கோபமும் வந்தது. "ஒரே ஒரு நாள் காடியைத் திறக்கச் சொல்லுங்கள் அம்மா, அப்பா கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கு வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். ஸ்டெல்லா போர்ட் பிளேயரில், ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவள் இங்கே வாழ வருவதால், உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் அவளுக்காக விளக்கமாகவே எழுதுகிறேன்.

கடல் தண்ணீர் ஊருக்குள் ஆறு போல ஏறி இறங்குகிறதே, அதைத்தான் இந்த ஊரில் தமிழர், தெலுங்கர், பெங்காலி எல்லோரும் இந்தியில் காடி என்று சொல்கிறோம். இரண்டு கரையிலும் கண்டல் காடு. அதன் வேருக்குள்தான் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கின்றன. மழைக்காலம் தொடங்கி அது ஓய்கிற வரை இந்தக் காடிக்குள் யாரும் வலை போடக் கூடாது, கண்டலை வெட்டவும் கூடாது என்பது நம் ஊர் வைத்த கட்டு. சர்க்கார் போட்ட சட்டம் இல்லை. நாமே உட்கார்ந்து பேசி, நாமே சண்டை போட்டு, நாமே வைத்துக்கொண்டது. அந்த மாதங்களில்தான் வெளிக்கடல் கொந்தளிக்கும், நம் சின்னப் படகுகள் தாங்காது. ஆகவே காடி அடைத்தால் பச்சை மீனே கிடையாது என்று அர்த்தம். உனக்கு லீவு கிடைத்திருப்பதும் சரியாக அந்த நடு மழையில்.

மீன் இல்லாவிட்டால் என்ன, கோழி இல்லையா, பன்றி இல்லையா என்று ஸ்டெல்லா கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் முதன்முதலாக வந்து ஏறும்போது, அந்த வீட்டு வலையில் விழுந்த மீனைக் குழம்பு வைத்துப் பெண் வீட்டாருக்குப் போடுவது இந்தத் தீவுக்கு வந்த பிறகு எங்களுக்குள் வேரூன்றிய வழக்கம். யார் தொடங்கியது என்று தெரியாது. தெலுங்குக்காரர்கள் எங்களிடமிருந்து எடுத்தார்களா, நாங்கள் அவர்களிடமிருந்து எடுத்தோமா, அதுவும் தெரியாது. எத்தனை கோழி அடித்துப் போட்டாலும் சரி, மீன் சட்டி வராவிட்டால் "வலை காய்ந்த வீடு" என்று ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைப்பதில் நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்! உன் பயம் எனக்குப் புரிகிறது. சம்பந்தி வீட்டார் முன்னால் தலை குனியக் கூடாது என்று நீ நினைப்பதில் தப்பில்லை.

நாங்கள் மெட்ராஸில் கப்பலேறி இங்கே வந்த புதிதில் இந்தக் காடியைப் பார்த்து நான் அசந்துபோனேன். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள் நான், மீன் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு புடவை முந்தானையில் இறால் அள்ளியது இங்கேதான். உன் அப்பா காடியின் வாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வலையால் அடைத்துவிடுவார். தண்ணீர் வடியும், மீன் உள்ளே நிற்கும். கூடையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் வேலை. பெங்காலிகளுக்குச் சர்க்கார் நிலம் கொடுத்திருந்தது; ஆனாலும் மீன் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது, அவர்களும் வலை போட்டார்கள். தெலுங்குக்காரர்கள் நம்மைப் போலவே கடல் பிழைப்பு. எல்லோருக்கும் போதுமான மீன் இருந்தது.

எல்லோரும் பக்தியுள்ளவர்கள் வேறு. அங்கேதான் வேடிக்கை. நாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதால் வலையைத் தொட மாட்டோம். தெலுங்குக்காரர்கள் செவ்வாய்க்கிழமை அம்மனுக்கென்று வலையைக் காயப் போடுவார்கள். பெங்காலிகள் வியாழக்கிழமை லட்சுமி பூசை செய்துவிட்டு வீட்டிலிருப்பார்கள். ஒவ்வொரு கூட்டமும் "நாங்கள் தண்ணீருக்கு ஓய்வு கொடுக்கிறோம், மற்றவன்தான் பேராசைக்காரன்" என்று மற்றவர்களை ஏசிக்கொண்டிருந்தது. நாம் மாதா கோயிலில் முழங்கால் போட்டிருக்கும்போது தெலுங்குக்காரர் வலை உள்ளே. அவர்கள் அம்மனுக்கு விளக்கேற்றும்போது நம் வலை உள்ளே. இத்தனை சாமி இருந்தும் அந்தக் காடிக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை! இது எங்கள் மண்டையில் ஏறுவதற்குள் பல வருஷம் போய்விட்டது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் வலையில் இலையும் சேறும்தான் வந்தன. இறால் வாங்குவதற்கு நான் சாத்தம் ஜெட்டி வரை போனேன் என்றால் பார்த்துக்கொள். மீன்காரி மீன் வாங்கப் போன கதையைச் சொல்லி உன் அப்பா இன்னும் சிரிக்கிறார்.

ஸ்கூல் கொட்டகையில்தான் கூட்டம் போட்டார்கள். முதலில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்தார்கள், யாருடைய ஓய்வு நாள் பெரியது என்று விடிய விடியப் பேசினார்கள். மூன்று கூட்டத்தின் விரத நாளையும் சேர்த்து அடைத்தால் வாரத்தில் பாதி போய்விடும், வயிற்றுக்கு என்ன செய்வது என்று ஒரு கட்சி. அப்படிப் பிய்த்துப் பிய்த்து ஓய்வு கொடுத்தால் மீனுக்கு என்ன தெரியும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் மண்டல் பாபுதான், நம் பின்வீட்டுப் பெங்காலி, "உன் சாமியும் வேண்டாம், என் சாமியும் வேண்டாம், மீன் முட்டை போடுகிற காலத்தை எல்லோரும் சேர்ந்து விட்டுவிடுவோம்" என்றார். நாங்கள் பெண்கள் வாசலில் நின்றிருந்தோம். கண்டல் வேருக்குள் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் நாங்கள், காடிக்குள் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும். "காவல் நாங்கள் பார்க்கிறோம், ஆனால் எங்களுக்கும் கை தூக்க உரிமை வேண்டும்" என்று தெலுங்குக்கார அப்பளம்மா உள்ளே போய்ச் சொன்னாள். அப்பளம்மாவை உனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டாய். அன்றிலிருந்து பெண்களும் கை தூக்குகிறோம்.

கட்டை மீறினால் அபராதம் பணமாக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பணம் உள்ளவன் கட்டிவிட்டு மறுபடி வலை போடுவான். அதனால் மீறியவன் தன் வீட்டு அடுப்பில் சமைத்து ஊர் முழுவதுக்கும் சோறு போட வேண்டும். முதலில் மாட்டியது யார்? என் கூடப்பிறந்தவன், உன் தாய்மாமன்! மழையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று போய் வலையை விரித்திருக்கிறான். அப்பளம்மா நண்டுக் கூடையோடு அவன் பின்னாலேயே நின்றிருக்கிறாள். "க்யா பாய், குளிக்கிறியா?" என்று கேட்டாளாம். பிறகென்ன, கொட்டுகிற மழையில் தார்ப்பாய் கட்டி, பூசணிக்காய்க் கூட்டு வைத்து, பந்தி பந்தியாகப் பரிமாறினான். மண்டல் பாபு மூன்று தரம் கூட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருஷமும் வலை போடு தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனார். நீயும்தான் அங்கே வயிறு முட்டச் சாப்பிட்டாய். அவமானமும் சோறும் ஒன்றாகப் போனதால் யாருக்கும் பகை மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். உடனே ஒன்றும் ஆகவில்லை. முதல் மழைக்காலம் பட்டினிதான், சோறும் கீரையும் தின்று நாக்கு செத்துப்போனது. ஆனால் அடுத்தடுத்த வருஷங்களில் கட்டு திறக்கிற நாளில் காடியில் மடவை மீன் துள்ளுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வெளியூர்க் கான்ட்ராக்டர் ஆட்கள் ரோடு வேலைக்கு வைத்திருந்த வெடியைக் கொண்டுவந்து மீனுக்குப் போடப் பார்த்தபோது, சண்டைக்குப் போனது தமிழர் மட்டும் இல்லை. மூன்று கூட்டத்துப் பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றோம். அவர்கள் வெடியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பம்பூபிளாட் பக்கத்தில் சில காடிகள் சேறாகிக் கிடக்க, நம் காடியில் இன்னும் கூடை நிறைகிறது. உன்னைப் படிக்க வைத்ததும் அந்தக் கூடைதான். இதையெல்லாம் நினைத்தால் எனக்கு மனசு நிறைந்து போகிறது, மகனே. நாடு விட்டு வந்து ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குப் புரியாமல் கிடந்த நாங்கள் ஒரு காரியத்தையாவது சேர்ந்து உருப்படியாகச் செய்திருக்கிறோம்.

இப்போது அப்பளம்மாவின் மகள் லட்சுமியின் கல்யாணக் கதைக்கு வருகிறேன். நீ அப்போது போர்ட் பிளேயரில் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். லட்சுமியின் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அவனுக்கும் மழைக்காலத்தில்தான் லீவு கிடைத்தது. அப்பளம்மா கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரே ஒரு நாள் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள். காவல் நின்றவளே கேட்டாள். அன்றும் ஊர்த் தலைவர் உன் அப்பாதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "முடியாதும்மா. இன்னைக்கு ஒனக்குத் தொறந்தா நாளைக்கு யாருக்கு அடைக்க?" என்றார். ஒருவரும் கை தூக்கவில்லை. அப்பளம்மா அதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் கோழிக்கும் ஏதோ நோய் வந்து செத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பருப்பும் முட்டையும் போட்டாள். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீடு ஏறும்போது மீன் வேண்டும் என்றால், அவர்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டு இறங்கும்போதும் வேண்டும். லட்சுமியின் மாமியார் இலையை மூடிவிட்டு எழுந்தாள். பிறகு அந்த வீட்டில் லட்சுமிக்குப் பெயரே "தால்வாலி"தான். பருப்புக்காரி. பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. எப்போதாவது தாய் வீட்டுக்கு வரும்போது அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

உன் கடிதம் வந்த வாரத்திலேயே சம்பந்தியும் சாத்தத்தில் படகேறி வந்துவிட்டார். கிரேன் ஓட்டுகிறவர், குரலும் கிரேன் உயரத்துக்குத்தான் இருக்கிறது. நல்ல மனுஷர். "சம்பந்தி, கோழி கீழியெல்லாம் எங்க ஹேடோவுலயே கெடைக்குது. மெயின்லேண்டுலேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்க. ஒங்க காடி மீனப் பத்தித்தான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார். உன் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தத் தடவலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மகனுக்குச் செய்ய ஆசை, கேட்க வாய் வரவில்லை. அவர் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. சம்பந்தி ஊருக்குத் திரும்புவதற்குள் சங்கதி காற்றில் போய், ஊரே கூட்டம் போட்டுவிட்டது.

ஸ்கூல் கொட்டகையில் நிற்க இடமில்லை. மண்டல் பாபு எழுந்தார். "கல்யாணத்துக்கு இவங்க ஊருக்கே சோறு போடப் போறாங்க. நம்ம ஜுர்மானாவும் ஊருக்குச் சோறுதானே? அபராதம் முன்னாடியே கட்டியாச்சு, தாதா. வலை போடட்டும்!" என்று உன் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். கொட்டகையே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றதும் முதலில் உயர்ந்த கை எது தெரியுமா? அப்பளம்மாவுடையது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கையும். அவள் கையைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் எழுந்து, "வேண்டாம்" என்றேன். "மாப்பிள்ளையைப் பெற்றவள் நான் வேண்டாமென்கிறேன், காடி அடைத்தபடியே இருக்கட்டும்" என்றேன்.

அப்பளம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாகல் ஹை க்யா தீதி, பைத்தியமாக்கா ஒனக்கு? அப்ப வேற, இப்ப வேற. இவன் என் கையால சாப்ட்ட புள்ள. ஏக் தின், ஒரே நாள், கோல் தோ, தொறந்து விடு!" என்று கத்தினாள். "லட்சுமியும் என் கையால சாப்ட்ட புள்ளதான்" என்றேன். உயர்ந்த கைகள் எல்லாம் இறங்கின. வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா, "ஏட்டி, நான் சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை, பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் தூங்கினார்.

நீ கார் நிக்கோபாருக்கு வேலைக்குப் போன புதிதில் எழுதியது நினைவிருக்கிறதா? அங்கே கிராமத்தார் தென்னந்தோப்பில் ஓலையைக் கட்டிவிட்டால் விழுந்த காயைக்கூட யாரும் எடுப்பதில்லை, கேப்டன் என்கிற ஊர்த் தலைவர் வீட்டுப் பிள்ளையும் எடுப்பதில்லை என்று பக்கம் பக்கமாக வியந்திருந்தாய். அங்கே உனக்கு அழகாகப் பட்டது அந்த ஓலையா, கேப்டன் வீட்டுப் பிள்ளையும் கை வைக்காததா? இங்கே கேப்டன் வீட்டுப் பிள்ளை நீதானடா என் ராசா. ஒருநாள் வலை போட்டால் காடி காலியாகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் தலைவர் வீட்டுக்குத் திறக்கும், அப்பளம்மா வீட்டுக்குத் திறக்காது என்று ஆகிவிட்டால், அடுத்த மழையில் யார் சேற்றில் இறங்கிக் காவல் நிற்பார்கள்? நான் அப்பளம்மாவாக இருந்தால் நிற்க மாட்டேன். ஊர்க்காவல் என்பது அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்கிற வரைக்கும் நிற்கும்.

குடும்பத்துக்கும் இதையேதான் சொல்வேன். ஸ்டெல்லாவுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டம் என்று வீட்டில் வைக்காதே. அவள் பொறுத்துக்கொள்வாள், ஆனால் கணக்கு உள்ளுக்குள் ஏறிக்கொண்டிருக்கும். உன் அப்பா எனக்கு நகை நட்டு ஒன்றும் பெரிதாகச் செய்ததில்லை. ஆனால் சோறு குறைந்த நாளில் தன் தட்டில் குறைத்துக்கொள்ளாமல் ஒரு நாளும் என் தட்டில் குறைத்ததில்லை. அதனால்தான் இந்தக் கிழவரோடு இத்தனை வருஷம் இந்த மழையில் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். ஸ்டெல்லா, உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுருங்கினார், பிறகு முழுக் கதையையும் கேட்டார். "எங்க ஆளுங்கள நான் பாத்துக்கறேன் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத்தான் படகேறினார். மழை ஓய்ந்து காடி திறந்த பிறகு அவர் வந்து பத்து நாள் தங்கி ஆசை தீரச் சாப்பிடட்டும். நீ இந்த வீட்டில் ஏறும்போது மீன் சட்டி இருக்காது, அம்மா. யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

மகனே, கோழியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லட்சுமி கல்யாணத்தில் என்ன போட்டார்களோ அதுவேதான் உன் கல்யாணத்திலும். சோறு, பருப்பு, முட்டை. சமையல் அப்பளம்மா பார்க்கிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் எத்தனை படி பருப்பு என்று மட்டும் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனாள். நீ மாப்பிள்ளைக் கோலத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். முதல் பந்தியில் லட்சுமியை ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார வை. லட்சுமியின் மாமியாரையும் நானே நேரில் போய் அழைத்துவிட்டு வந்தேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்த மாமியாரை லட்சுமிக்கு எதிர் இலையில் உட்கார வைத்து, இரண்டு இலையிலும் பருப்பை உன் கையால் ஊற்று.

அம்மா